கடற்படுகையில் உழப்பட்ட சால்

கடலடிக் கேபிள்களின் வரலாறு பெரும்பாலும் நீளத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது: எந்த ஆண்டில் எந்தக் கண்டம் எதனோடு இணைந்தது என்பதே அதன் சட்டகம். கேபிளைக் கடற்படுகையின் மண்ணுக்குள் புதைக்கும் முறைகளின் வரலாறு உரிய கவனம் பெறவில்லை. அது பொறியியலின் கதை மட்டுமன்று. மீன்பிடிப்போருக்கும் தந்தி நிறுவனங்களுக்கும் இடையே நடந்த நெடிய வழக்கின் கதையுமாகும்.

1850 ஆகஸ்டில் டோவருக்கும் பிரெஞ்சுக் கரைக்கும் இடையே பிரெட் சகோதரர்கள் இட்ட செப்புக்கம்பிக்கு, கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் உறையன்றி வேறு காப்பில்லை. மூழ்குவதற்காக ஈயக்குண்டுகள் கட்டப்பட்டிருந்தன. ஒரே நாளில் அது செயலிழந்தது. மீனவர் ஒருவர் அதைக் கடற்பாசியென எண்ணி வெட்டினார் என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அதன் உண்மை எவ்வாறாயினும், மீனவரே குற்றவாளி என்னும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

நிறுவனங்களின் முதல் மறுமொழி இரும்பு. 1851-இல் இடப்பட்ட கேபிளைப் பத்து இரும்புக் கம்பிகள் சுற்றிக் காத்தன. இரண்டாம் மறுமொழி சட்டம். 1884-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை கேபிளை அறுப்பதைக் குற்றமாக்கியது. அதன் 7-ஆம் பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை: கேபிளைக் காக்கும் பொருட்டு நங்கூரத்தையோ வலையையோ இழந்தவருக்குக் கேபிள் உரிமையாளர் ஈடு தர வேண்டும், கப்பல் தலைவர் துறைமுகம் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும். படுகையில் இருதரப்பாருக்கும் உரிமையுண்டு என்பதற்கான அரிய ஒப்புதல் இது.

நீராவி இழுவலைப் படகுகள் பெருகியபின் இரும்பும் சட்டமும் போதவில்லை. அவற்றின் கனத்த பலகைகள் படுகையை உரசியே செல்லும். 1938-இல் வெஸ்டர்ன் யூனியன் நிறுவனம் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் 'லார்ட் கெல்வின்' கப்பலைக் கொண்டு கடற்கலப்பையை இழுத்துக் கேபிளைப் புதைத்தது. எனினும் அம்முறை உடனே பரவவில்லை. 1959 பிப்ரவரியில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் அட்லாண்டிக் கேபிள்கள் அடுத்தடுத்து அறுந்தபோது, அமெரிக்கக் கடற்படையினர் 'நோவோரோசிஸ்க்' என்னும் சோவியத் இழுவலைக் கப்பலில் ஏறிச் சோதனையிட்டனர். அதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம் அதே 1884 உடன்படிக்கை. பனிப்போர்க் காலத்தில் மீன்வலை ஒன்று அரசதந்திரச் சிக்கலாயிற்று. அதன்பின் 1960-களின் பிற்பகுதியில் பெல் ஆய்வகம் உருவாக்கிய கலப்பை நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால் கேபிளைப் புதைத்தது.

கலப்பையின் செயல்முறை உழவரறிந்ததே. கப்பல் இழுக்கக் கொழு மண்ணைப் பிளக்கிறது. கேபிள் அதன் உள்வழியே இறங்கிச் சாலின் அடியில் படிகிறது. மண் மேலே சரிந்து மூடுகிறது. வயலில் விதை விழும் இடத்தில் இங்கே கேபிள் விழுகிறது. கலப்பை செல்லவியலாத இடங்களிலும், பழுது நீக்கிய பகுதிகளிலும் தொலைவிலிருந்து இயக்கப்படும் எந்திரம் நீரைப் பீய்ச்சி மணலைக் குழம்பாக்க, கேபிள் தன் எடையாலேயே அமிழ்கிறது. பாறைப் படுகையிலோ வெட்டுச் சக்கரங்கள் தேவை.

இன்றும் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 பழுதுகள் நேர்கின்றன. அவற்றுள் பெரும்பகுதிக்கு மீன்பிடிப்பும் நங்கூரங்களுமே காரணம். 2008 பிப்ரவரியில் துபாய்க்கும் ஓமானுக்கும் இடையே ஃபால்கன் கேபிளை அறுத்தது கைவிடப்பட்ட ஒரு நங்கூரம். ஆகவே எவ்வளவு ஆழம் என்னும் கேள்விக்கு ஒரே எண் விடையாவதில்லை: இறுகிய களிமண்ணில் அரை மீட்டர் தரும் காப்பை இளஞ்சேற்றில் ஒரு மீட்டரும் தருவதில்லை.