வந்தியத்தேவன் திடுதிப்புனு நுழைஞ்ச குடந்தை சோதிடர் வீடு... எங்கே இருக்கு?

ஹாரி பாட்டர் ரசிகர்களுக்கு ஹாக்வார்ட்ஸ் எப்படியோ, `பொன்னியின் செல்வன்' ரசிகர்களுக்கு குடந்தை சோதிடர் வீடு அப்படி. வரப்போறதைச் சொல்ற ஒரு மனிதர், வாசலில் ஆளைத் தடுக்கும் சீடன், உள்ளே ரகசியமா வந்திருக்கும் குந்தவையும் வானதியும். அந்த நேரம் பார்த்து, சீடனைத் தள்ளிக்கிட்டு உள்ளே நுழைகிறான் வந்தியத்தேவன். குந்தவையை அவன் முதன்முதலா பார்ப்பது இங்கேதான்.

அந்த வீடு எங்கே?

`குடந்தை' என்பது இன்றைய கும்பகோணம். கதைப்படி, பழையாறை அரண்மனையிலிருந்து குந்தவை வந்துபோகும் தூரம். நிஜத்திலும் பழையாறை, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பட்டீஸ்வரத்தை ஒட்டித்தான் இருக்கு. ஆனா, சோதிடரும் அவர் வீடும் கல்கியின் கற்பனை. கூகுள் மேப்பில் தேடினாலும் கிடைக்காது.

பெயர் எப்படி வந்துச்சு?

ஊரின் பழைய பெயர் குடமூக்கு. தேவாரத்தில் இந்தப் பெயர் இருக்கு. ஆழ்வார்கள் பாடியது திருக்குடந்தை. `மூக்கு' என்பது இங்கே கெண்டிக்கு இருக்குமே, அந்த மாதிரி குடத்தின் மூக்கு. வடமொழியில் `கும்பம்' என்றால் குடம். `கோணா' என்றால் மூக்கு. அதனால், குடமூக்கின் மொழிபெயர்ப்புதான் கும்பகோணம் என்று ஒரு விளக்கம் உண்டு.

தலபுராணம் சொல்லும் கதை இன்னும் சுவாரஸ்யம். பிரளய வெள்ளத்தில் உலகமே மூழ்க, பிரம்மாவின் அமுதக் குடம் மட்டும் மிதந்து வந்து இங்கே தங்குச்சாம். சிவன் அம்பு எய்து அதை உடைக்க, அமுதம் வழிந்த இடமே மகாமகக் குளம் என்பது நம்பிக்கை. 12 வருஷத்துக்கு ஒருமுறை வரும் மகாமகம் கடைசியா நடந்தது 2016-ல், அடுத்தது 2028-ல்.

குடமும் மிதந்தது, கூரையும் மிதந்தது!

நாவலின் ஐந்தாம் பாகம் ஞாபகம் இருக்கா? ஆறு உடைச்சுக்கிட்டு வந்த வெள்ளத்தில் சோதிடர் வீட்டுக் கூரையே மிதந்து போகும். அதைப் பிடிச்சுக்கிட்டுத் தவிக்கும் வானதியைக் காப்பாற்றப் படகில் விரைவாள் பூங்குழலி. ஊருக்குப் பெயர் கொடுத்த கதையிலும் வெள்ளம், சோதிடர் வீட்டின் முடிவிலும் வெள்ளம்!

இது வெறும் கற்பனை இல்லை பாஸ். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு (நாவலில் வரும் அரிசிலாறு) என இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் ஊர் இது. நெல்லை விளைவிக்கிற அதே தண்ணீர்தான், கரை உடைஞ்சா வீட்டையும் கொண்டுபோகும். டெல்டாவில் பிறந்த கல்கிக்கு இது தெரியாதா என்ன?

போனா எதைப் பார்க்கலாம்?

* ஆதி கும்பேஸ்வரர் கோயில்: குடத்தின் கதை சேர்ந்த இடம்.

* நாகேஸ்வரன் கோயில்: அப்பர் பாடிய குடந்தைக் கீழ்க்கோட்டம். கதை நடக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கு முன்பே கட்டப்பட்ட சோழர் கற்றளி. சுவரில் இருக்கும் ஆளுயரச் சிற்பங்களை மிஸ் பண்ணாதீங்க!

* அரசலாற்றுப் பாலம்: தண்ணீர் வரும் மாதங்களில் நின்னு பாருங்க. சோதிடர் வீடு ஏன் மிதந்துச்சுனு புரியும்.