வெள்ளிமலை அடுப்பும் டெல்லி டாக்டரம்மாவும்

போன மார்கழியில் கல்வராயன் மலைக்குப் போயிருந்தேன். வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊர். பழைய ஜாகிர் காலத்துக் கதைகளைக் கேட்டுக் குறிப்பெடுப்பதுதான் வேலை. ஒரு வீட்டில் ஆயா அடுப்பு ஊதிக்கொண்டே பேசினார். ஜன்னல் இல்லாத சமையற்கட்டு. மூலையில் கேஸ் சிலிண்டர் இருந்தது. ஆனால் களி கிண்டுவது விறகடுப்பில்தான். ரெண்டு வார்த்தை பேசுவார், நிறுத்தி மூச்சு விடுவார்.

"என்ன ஆயா, ஒடம்பு சரியில்லையா?"

"பனி வந்தா இளைப்பு வந்துரும் சாமி. காலு வேற வீங்கிக்கிது. வயசாச்சுல்ல."

நானும் வயசுதான் காரணம் என்று நம்பி மலை இறங்கிவிட்டேன். அப்புறம் இந்திய இதய மருத்துவத்தின் வரலாற்றைப் படிக்கும்போது அந்த வீங்கிய கால் மறுபடி ஞாபகம் வந்தது. ஞாபகப்படுத்தியவர் டாக்டர் எஸ். பத்மாவதி.

1917-ல் பர்மாவின் மாக்வே ஊரில் பிறந்தவர். ரங்கூனில் மருத்துவம் படித்தார். 1942-ல் ஜப்பான் படை வந்தபோது அம்மா, சகோதரிகளோடு தப்பி வந்து சேர்ந்த இடம் நம்ம கோயம்புத்தூர். வீட்டு ஆண்கள் என்ன ஆனார்கள் என்று போர் முடியும் வரை தெரியாது. 1949-ல் லண்டன் போனார், பிறகு அமெரிக்கா. அங்கே ஹார்வர்டில் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பால் டட்லி ஒயிட். 1924-ல் அமெரிக்க இதயச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1953-ல் பத்மாவதி டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவர் கவனித்த ஒரு விஷயம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். நாள்பட்ட நுரையீரல் கோளாறால் இதயத்தின் வலப்பக்கம் வீங்கிப் பலவீனமாகும் நோய் ஒன்று உண்டு. கோர் பல்மொனேல் என்பார்கள். நுரையீரல் கெட்டால் அதன் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறும். அதை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி வலப்பக்க இதயம் சோர்ந்துவிடும். கடைசியில் கால் வீங்கும். புகைபிடிப்பதுதான் முக்கியக் காரணம் என்றால் ஆண்களுக்குத்தானே அதிகம் வரணும்? டெல்லியில் பீடி, சிகரெட் தொடாத பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமாக வந்திருந்தது. 127 நோயாளிகளை ஆராய்ந்து 1959-ல் அவரும் பதக் என்பவரும் கட்டுரை எழுதினார்கள். சந்தேகம் போன இடம் சமையலறை அடுப்பு.

மூன்று வருஷம் கழித்து, 1962-ல், அகில இந்திய இதய அறக்கட்டளையைத் தொடங்கினார். ஆராய்ச்சி, மருத்துவர்களுக்குப் பயிற்சி, மக்களுக்கு விழிப்புணர்வு எல்லாம் அதன் வேலை. 1981-ல் அதன் கீழ் டெல்லியில் தேசிய இதய நிறுவனமும் வந்தது. இதய நோய் பணக்காரன் நோய், நெய்யும் கறியும் தின்னவனுக்கு வருவது என்ற பேச்சு இன்னைக்கும் ஊரில் உண்டு. ஆனால் அந்த டாக்டரம்மாவின் ஆரம்ப கால நோயாளிகளில் அடுப்பு ஊதிய பெண்களும், தொண்டைப் புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்ட ஏழைப் பிள்ளைகளும் நிறைய. நம்ம ஊரில் இதய மருத்துவம் ஏழைகளின் இதயத்தையும் பார்த்துத்தான் வளர்ந்தது.

அந்த அறக்கட்டளை தொடங்கிய 1962-ல் கல்வராயன் மலை இன்னும் ஜாகிர்தாரர்கள் கையில் இருந்தது. அரசு அதை எடுத்துக்கொண்டதே 1976-ல்தான். சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் அதற்கப்புறம் மெதுவாக ஏறி வந்தவை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில்.

இப்போது நிலைமை எவ்வளவோ மேல். 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். மலைப்பாதையில் இறங்கும் நேரத்தை நினைத்தால் இது எவ்வளவு பெரிய உதவி என்று புரியும்.

ஆனால் இது திடீரென வரும் மாரடைப்புக்கு. அடுப்புப் புகையால் கெடும் இதயம் பெரும்பாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறுவதில்லை. வருஷக்கணக்காக மெல்லக் கெடும். அதற்கு வீட்டில் வைக்கும் பேர் 'இளைப்பு', இல்லாவிட்டால் 'வயசு'. அதனாலேயே யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதில்லை.

பத்மாவதி 2020 ஆகஸ்டில், 103 வயதில், கொரோனாவில் காலமானார்.

ஆயாவுக்கு என்ன நோய் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. அவர் பேரனுக்கு போன் போட்டு, சிறுவங்கூர் கூட்டிப்போய் ஒரு எக்கோ எடுக்கச் சொன்னேன். "எதுக்குண்ணே, இளைப்புதானே?" என்றான். 1959-ல் நடந்த கதையை முதலிலிருந்து சொன்னேன். கூட்டிப் போறேன் என்றிருக்கிறான். சமையற்கட்டுச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்கவும் சொல்லியிருக்கிறேன்.