வரலாற்று நாவல்: சேலம், நாமக்கல் வட்டாரம்

வரலாற்று நாவல் ஐரோப்பாவில் வால்டர் ஸ்காட்டின் 'வேவர்லி' (1814) வழியாகப் பரவியது. வங்காளத்தில் பங்கிம் சந்திரரின் 'துர்கேச நந்தினி' (1865), மலையாளத்தில் சி. வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' (1891) ஆகியன முன்னோடிகள். தமிழில் தி. த. சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி'யை (1895) முதலாவதாகக் குறிப்பிடுவது வழக்கம்.

இவ்வட்டாரத்தின் பங்கு திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் தொடங்குகிறது. அங்கே 1925இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் அமைத்தார். 'நவசக்தி'யில் திரு. வி. க.விடம் பணியாற்றிய ரா. கிருஷ்ணமூர்த்தி, பின்னாளைய கல்கி, இங்கு வந்து சேர்ந்தார். கதர்ப் பணிக்கு நடுவே 1929இல் 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு மாத இதழ் வெளிவந்தது. ராஜாஜி ஆசிரியர், கல்கி துணையாசிரியர். கள்ளுக்கடையால் சீரழிந்த குடும்பங்களின் கதைகளைக் கல்கி அதில் எழுதினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும், பிறர் படிக்கக் காதால் கேட்பவருக்கும் விளங்க வேண்டிய உரைநடை அது. இதழ் நீடிக்கவில்லை; ஆனால் 1937இல் ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் நடைமுறைப்படுத்தியது.

கல்கி பின்னாளில் எழுதிய 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'பொன்னியின் செல்வன்' ஆகிய வரலாற்று நாவல்களின் தங்குதடையற்ற ஓட்டத்துக்குப் புதுப்பாளையம் எவ்வளவு காரணம் என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது. அந்தப் பயிற்சி வீண்போகவில்லை என்று கருத இடமுண்டு. இந்நாவல்களை வரலாறு என்பதைவிட வரலாற்றுக் கற்பனை என்பதே பொருந்தும் என்போரும் உளர். தமிழரில் பல தலைமுறையினர் பல்லவரையும் சோழரையும் முதலில் சந்தித்தது இவற்றில்தான். வல்வில் ஓரியின் கொல்லிமலையும் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட சங்ககிரிக் கோட்டையும் அருகிலேயே இருக்க, கல்கி கதைக்களம் தேடிக் காஞ்சிக்கும் தஞ்சைக்கும் போனார்.



பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) ஆங்கிலேயர் காலத்துத் திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்டது. அரசரின்றி, குழந்தையில்லாத குடியானவத் தம்பதியைச் சுற்றி நகரும் இதை வரலாற்று நாவல் எனலாமா என்பது விவாதத்துக்குரியது. நாவலுக்கு எழுந்த எதிர்ப்புகளுக்குப் பின், 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.