பாபா என்கிற மரக்கால்

நம் சூழலில் ஹோமி பாபா என்றதும் பேச்சு கல்பாக்கத்துக்கும் கூடங்குளத்துக்கும் போய்விடுகிறது. போகத்தான் வேண்டும். ஆனால் அணுசக்தி அதிகாரத்துக்கு முந்திய பாபா ஒருவர் உண்டு. அரசின் கதையாடலில் மட்டுமல்ல, அதற்கு எதிரான நம் கதையாடலிலும் அவருக்கு இடமில்லை.

1932இல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டார். எலெக்ட்ரானின் அதே நிறை, எதிர் மின்னூட்டம். இவ்விரண்டும் நெருங்கினால் எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறும் என்று கேம்பிரிட்ஜில் பாபா போட்ட கணக்கு 1936இல் வெளியானது. அவற்றை மோதவிட அன்று எந்திரமே கிடையாது. முதல் மோதுவளையமான 'ஆடா' 1961இல்தான் இத்தாலியில் ஓடியது. ஓர் அறைக்குள் அடங்கும் வளையம் அது. அதை முன்னின்று கட்டிய புரூனோ டூஷெக் நாஜிச் சிறையிலிருந்து உயிர் தப்பியவர். 1989இல் ஜெனீவா அருகே ஓடத் தொடங்கிய 'லெப்' 27 கிலோமீட்டர் சுற்றளவு.

இந்த வளையங்களில் கற்றைகள் கொத்துக்கொத்தாகக் கடந்து போகும். பெரும்பாலான துகள்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. புதுசா என்ன பிறந்தது என்று எண்ணிவிடலாம். மோத எத்தனை வாய்ப்பிருந்தது என்பது தெரியாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. ஆகவே கணக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு நிகழ்வை அளவுகோலாக வைத்தார்கள். அது பாபா சிதறல். குழாயை ஒட்டிச் சிறுகோணத்தில் வைத்த உணர்விகள் அதை எண்ணிக்கொண்டே இருக்கும். மரக்கால் சரியில்லாவிட்டால் கூலி நெல் என்ன ஆகும் என்று தஞ்சைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2000இல் நிறுத்தப்படும்வரை லெப்பின் நான்கு சோதனைகளும் சேர்ந்து ஏறத்தாழ 1.7 கோடி இசட் துகள்களைப் பதிவு செய்தன. எல்-3 சோதனையில் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இருந்தார்கள். நியூட்ரினோ வகைகள் கூடினால் கண்ணுக்குப் படும் இசட் சிதைவுகள் குறையும். அப்படிக் கணித்ததில் வந்த எண் 2.9840. மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு; பிழை வரம்பைப் போல ஏறக்குறைய இருமடங்கு. 2019, 2020 ஆண்டுகளில்தான் விஷயம் வெளிச்சமாயிற்று. எதிர்க்கொத்தின் மின்விசை சிதறிய துகள்களை லேசாக உள்ளே இழுத்திருக்கிறது. சில எண்ணாமல் போயின. அதைச் சேர்த்து, பாபா கணக்கையும் கூர்மையாக்கியபோது 2.9963. குறை மரக்காலில்தான்.

தரவும் கணக்கும் அச்சில் இருந்ததால், எந்திரம் நின்று இருபது வருஷம் கழித்தும் யாரோ எடுத்துச் சரிபார்க்க முடிந்தது.

கைலாசபுரத்தில் நாங்கள் அறிந்த பாபா வேறு. 1965இல் செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு உற்பத்தி தொடங்கிய கொதிகலன் ஆலையின் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். அணு உலைகளுக்கான நீராவி ஆக்கிகளும் அங்கே செய்யப்பட்டன. அப்பா வெல்டர். "எக்ஸ்ரேல பாஸ் ஆயிடுச்சு" என்பது அவருடைய நல்ல நாள். அந்த எக்ஸ்ரேயும் எலெக்ட்ரானை முடுக்கி உலோகத்தில் மோதவிட்டு எடுப்பதுதான். அவர் போட்ட பற்றுக்கும் இன்னொருவர் கண் சாட்சி வேண்டியிருந்தது. பற்று வைத்த ஆக்கி உலைக்குப் போனபின் அங்கே என்ன கசிந்தது, யார் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினார்கள் என்று கேட்டால் மட்டும் சட்டம் குறுக்கே நின்றது. 1948இன் அணுசக்திச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1962 சட்டமும் தகவலை மூடி வைக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தன. 1948இல் அமைந்த அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவர், சிதறல் கணக்கை உலகத்தார் சரிபார்க்க அச்சில் போட்ட அதே பாபா.