அநேக அண்டங்களும் வேற்றுலக உயிர்களும்: 1769ஆம் ஆண்டின் புதுச்சேரியை முன்வைத்து

புதுச்சேரி நகரின் வடபால் கடலை ஒட்டி அமைந்த மீனவர் குடியிருப்பு குருசுக்குப்பம். அதனை அடுத்த வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் ஆண்டுதோறும் மாசிமகத் தீர்த்தவாரிக்குத் திண்டிவனம் ஸ்ரீநிவாஸப் பெருமாள் முதலான மூர்த்திகள் எழுந்தருள்வது வழக்கம். இக்கரைக்குச் சற்றுத் தெற்கே, 1761இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்த பிரெஞ்சுக் கோட்டையின் இடிபாடுகளின்மீது, 1769 ஜூன் 4ஆம் நாள் விடியற்காலையில் பிரெஞ்சு வானியலார் ஒருவர் கீழ்த்திசை நோக்கிக் காத்திருந்தார். அவர் பெயர் கியோம் லெ ஜான்டி. வெள்ளிக்கோள் சூரியபிம்பத்தைக் கடப்பதை அளந்தால் சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தூரத்தை அறியலாம் என்பது அக்கால வானியலாரின் துணிபு. 1761இல் கோட்டை பகைவர் வசமானமையால் அவர் கப்பலிலேயே தங்க நேர்ந்து முதல் வாய்ப்பை இழந்தார். எட்டாண்டு காத்திருந்து பெற்ற இரண்டாம் வாய்ப்பை மேகம் மறைத்தது. வெள்ளி கதிரவனை விட்டு நீங்கிய பின்னரே வானம் வெளுத்தது.

அந்நிகழ்ச்சி வெறும் தூரக்கணக்கு மட்டுமன்று. 1761இன் கடப்பைக் கண்ட ருஷ்ய அறிஞர் லொமனோசவ், வெள்ளியின் விளிம்பில் தோன்றிய ஒளியைக் கொண்டு அங்கே வாயுமண்டலம் உண்டென்று துணிந்தார். அதனையொட்டி அங்கே உயிர்கள் வாழக்கூடுமோ என்பதையும் ஆராய்ந்தார். அதற்கு முன்பே, 1686இல், ஃபோந்தெனெல் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் பல உலகங்களைப் பற்றிய உரையாடல் நூலொன்றை வெளியிட்டிருந்தார். வெள்ளியில் வாழ்வோர் கிரனாதாவின் மூர் இனத்தாரைப் போன்று வெயிலில் கறுத்தவர், காதலிலும் இசையிலும் களிப்பவர் என்று அதில் புனைந்தார். சந்திரனில் வாழ்வோர் ஆதாமின் வழிவந்த மனிதர் அல்லர் என்று முன்னுரையில் விளக்கமும் தந்தார். ஆயினும் 1687இல் கத்தோலிக்கத் திருச்சபை அந்நூலைத் தடைநூற்பட்டியலில் சேர்த்தது.

வெள்ளியின் உயிர்களைக் கற்பித்தவர் தாம் அறிந்த வெப்பநாட்டு மாந்தரையே வானில் ஏற்றினார் என்பது இங்கே கருதத்தக்கது. அத்தகைய வெப்பநாடு ஒன்றிலேயே லெ ஜான்டி தங்கியிருந்தார். இங்குள்ள கணிதர்கள் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே கிரகணம் கணிப்பதை அவர் கண்டு வியந்து கற்றார். 1765 ஆகஸ்ட் 30ஆம் நாளின் சந்திரகிரகணத்திற்குத் தமிழர் கணக்கு தந்த கால அளவு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற மேயர் அட்டவணை தந்ததோ 68 விநாடி மிகுந்தது. தொலைவிலிருந்து கற்பித்ததை அருகிருந்து கண்டது திருத்திற்று.

லெ ஜான்டிக்குத் தமிழும் இந்நாட்டு வானியலின் தொடக்கப் பாடங்களும் கற்பித்தவர்களுள் ஒருவர் புதுச்சேரி மொழிபெயர்ப்பாளர் மரிதாஸ் பிள்ளை. அதே 1769ஐ ஒட்டி அவர் தமிழ்ப் பாகவதத்தைப் பிரெஞ்சில் பெயர்த்தார். அது 1788இல் பாரிஸில் அச்சேறியது. உலகங்கள் பல என்று பேசிக்கொண்டிருந்த ஐரோப்பாவிற்கு, அண்டங்கள் எண்ணிறந்தவை என்று பிரமஸ்துதியிலும் சுருதிகீதையிலும் பேசும் புராணம் இவ்வாறு ஓர் ஊரிலிருந்து சென்றது.

இவ்விரண்டும் ஒன்றே என்று முடிவுகட்டுவார் இன்று உளர். அது பொருந்துமா என்பதை ஆசார்யர்களின் க்ரந்தங்களைக் கொண்டே ஆராய வேண்டும். பிள்ளை லோகாசார்யர் தத்த்வத்ரயத்தின் அசித் ப்ரகரணத்தில் அண்டங்கள் பல என்றும், ஒவ்வொன்றும் பதினான்கு லோகங்களை உடையது என்றும், ஏழு ஆவரணங்களால் சூழப்பட்டது என்றும், நீரில் குமிழிகள் எழுமாப்போலே அவை ஒருங்கே படைக்கப்படுவன என்றும் அருளிச்செய்தார். மணவாள மாமுனிகள் அதற்கு வ்யாக்யானம் இட்டருளினார். இங்கே அண்டம் என்பது கோள் அன்று. சூரியன், சந்திரன், சுக்கிரன் யாவும் ஓர் அண்டத்தின் உட்பட்டவை. ஆதலின் தொலைநோக்கியில் காணும் கோளை அண்டம் என்பது சொல்லைப் பொருளிலிருந்து பிரிப்பதாகும்.

உடலைப் பற்றிய கற்பனை நம் சாஸ்திரங்களிலும் உண்டு. வருணலோகத்தில் நீராலான உடல், ஆதித்யலோகத்தில் தேஜஸ்ஸாலான உடல், வாயுலோகத்தில் காற்றாலான உடல் என்று தர்க்கசங்க்ரஹம் வகுக்கும். இடத்திற்கு ஏற்ற உடல் என்னும் அளவில் இது ஃபோந்தெனெலின் வழியை ஒக்கும். ஸ்ரீவைஷ்ணவ தர்சனமோ இதனோடு நில்லாது. தேவன், மனிதன், திர்யக், ஸ்தாவரம் என்னும் வேறுபாடு கர்மத்தால் வந்த சரீரத்தைப் பற்றியது; ஆத்மஸ்வரூபமோ எங்கும் ஜ்ஞாநாநந்தமயம், எங்கும் பகவானுக்கே சேஷம். வேற்றுலகத்தில் உயிர் உண்டாயின் அதன் உருவம் எத்தகையதாயினும் அதன் ஸ்வரூபம் புதிதன்று. மத்ஸ்யமாயும் கூர்மமாயும் வராஹமாயும் அவதரித்தவனுக்கு எந்த யோனியும் அந்நியமன்று. ஆதாமின் வழிவராதார்க்கு மீட்சி எவ்வாறு என்று ஐரோப்பியர் இடர்ப்பட்ட வினா இங்கே எழுவதற்கு இடமில்லை.

அப்படியாயின் வேற்றுலக உயிர்களை நம் நூல்கள் முன்பே நிலைநாட்டின எனலாமோ எனின், ஆகாது என்க. பிற ப்ரமாணங்களால் அறியப்படாததை அறிவிப்பதிலேயே சாஸ்திரத்திற்குப் பயன் உண்டென்பது மீமாம்ஸகரும் வேதாந்திகளும் ஒப்பிய நியாயம். குறித்த ஒரு கோளில் உயிர் உண்டா என்பது ப்ரத்யக்ஷத்திற்கும் அநுமானத்திற்கும் உரிய விஷயம். வெள்ளியின் தரை ஏறக்குறைய 460 பாகை செல்சியஸ் வெப்பமுடையது என்பதை விண்கலங்கள் அளந்து காட்டின. லொமனோசவ் கண்ட வாயுமண்டலம் உண்மையாயிற்று, ஃபோந்தெனெலின் இசைவாணர் இலராயினர். 1995இல் சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் கண்டறியப்பட்டது முதல் இன்றுவரை அத்தகைய கோள்கள் ஐயாயிரத்திற்கும் மேல் அறியப்பட்டுள்ளன. ஒன்றிலும் உயிர் உள்ளதாக இதுகாறும் உறுதிப்படவில்லை. இதனைச் சாஸ்திரத்தின்மேல் ஏற்றினால், நாளை ஓர் அளவீடு மாறும்போது சாஸ்திரத்திற்கே குறை வரும்.

1769இன் புதுச்சேரி கற்பிப்பது இதுவே. கிரகணம் கணித்தவர் கணக்கின் வழியே கணித்தனர். பாகவதம் ஓதியவர் ஸ்துதியின் வழியே ஓதினர். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிலைநாட்ட முயன்றாரில்லை. வானில் உயிர் காணப்படினும் காணப்படாவிடினும் எம்பெருமானுடைய லீலாவிபூதிக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. காணப்படும் நாள் வருமாயின், அவ்வுயிரின் உருவைக் கண்டு மருளாது, அதனையும் அவனுக்குச் சேஷமென்று எண்ணும் ஆயத்தத்தைப் பூர்வர்கள் முன்பே நமக்கு வைத்துப் போயினர்.