நெற்லி வைத்தியசாலை: அத்திவாரமிட்ட பின் எழுந்த வாதம்

வைத்தியசாலைக் கட்டடமே நோயாளரைக் கொல்லக்கூடும் என்பதைப் பிரித்தானிய அரசு கிறீமிய யுத்தத்திலே பெருவிலை கொடுத்துக் கற்றது. 1855 பெப்ரவரியில் ஸ்குற்றாரி இராணுவ வைத்தியசாலை நோயாளரில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது போர்க்காயமன்று, தொற்றுநோயே. கட்டடத்தின் அடியிற் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழு அவற்றைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்துக்கும் வழிசெய்தது. சில மாதங்களில் இறப்பு வீதம் பெரிதும் வீழ்ந்தது.

இப்பாடம் ஏட்டில் ஏறுமுன்னரே அதே அரசு, இங்கிலாந்தின் தென்கரையில் சவுதாம்ரனுக்கு அண்மையிலுள்ள நெற்லியில் மாபெரும் இராணுவ வைத்தியசாலையொன்றைக் கட்டத் தொடங்கியது. 1856 மே 19இல் விக்ரோறியா மகாராணி அத்திவாரக்கல் நாட்டினார். கட்டடத்தின் நீளம் ஏறத்தாழக் கால் மைல். கடலை நோக்கியிருந்தவை நீண்ட நடைகூடங்கள். நோயாளர் விடுதிகளோ கடற்காற்று நேரே எட்டாத பின்புறத்தில் அமைந்தன. கப்பலில் வருவோர் கண்டு வியப்பதற்கு இதனினும் பொருத்தமான அமைப்பு வேறில்லை!

அவ்வாண்டு ஓகஸ்டில் நாடு திரும்பிய புளோறன்ஸ் நைற்றிங்கேல் வரைபடத்தைக் கண்டு கடுமையாக எதிர்த்தார். இருபுறமும் யன்னல்கள் கொண்ட தனித்தனிக் கட்டடங்களாக விடுதிகள் அமைந்தால், ஒன்றின் காற்று மற்றொன்றிற் புகாது என்பது அவர் வாதம். பாரிஸ் நகரின் லரிபுவாசியேர் வைத்தியசாலை அதற்குக் கண்கண்ட சான்றாக நின்றது. பிரதமர் பாமஸ்ரன் அவர் பக்கம் சாய்ந்து வேலையை நிறுத்தவும் விரும்பினார். யுத்த அமைச்சர் பன்மியூர் பிரபுவோ ஏற்கெனவே ஆன செலவைக் காட்டி மறுத்தார். சிறு மாற்றங்களுடன் வேலை தொடர்ந்து, 1863இல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. நிதிக்கணக்கில் அத்திவாரத்துக்கு இடமிருந்தது. வரவிருந்த நோயாளருக்கு இடமிருக்கவில்லை.

நோய் அசுத்தக் காற்றிலிருந்தே பிறக்கிறது என நைற்றிங்கேல் அன்று நம்பியமை ஈண்டு நோக்கற்பாலது. கிருமிக் கொள்கை பின்னரே நிலைபெற்றது. எனினும் குறுக்குக் காற்றோட்டமும் கட்டில்களுக்கிடையே இடைவெளியும் காற்றிற் பரவும் கிருமிகளின் செறிவைக் குறைப்பவை. ஆதலின் அவர் கேட்ட கட்டடம், அவர் கூறிய காரணம் வீழ்ந்த பின்னரும் வீழவில்லை. 1865இல் வுலிச்சில் திறக்கப்பட்ட ஹேபேட் வைத்தியசாலை அம்முறையிலேயே எழுந்தது.

நெற்லியின் பிரதான கட்டடம் 1966இல் இடிக்கப்பட்டது. தேவாலயம் மட்டும் எஞ்சியது. வாதம் ஓயவில்லை. 2019 ஜூலையில் எடின்பரோவின் புதிய சிறுவர் வைத்தியசாலைக்கு நோயாளர் இடம்மாறச் சில நாள்களே இருக்கையில், தீவிர சிகிச்சைப் பிரிவின் காற்றோட்டம் உரிய தரத்தில் இல்லையென ஸ்கொத்லாந்தின் சுகாதார அமைச்சர் திறப்பை நிறுத்தினார். திருத்தங்கள் முடிந்து, அது முழுமையாக இயங்கத் தொடங்கியது 2021 மார்ச்சிலேதான்.