லேப்டாப் அடுப்பு மாதிரி சுடுதா? தூக்கிப் போடும் முன் இதைப் பாருங்க... ப்ராசஸர் வேகத்தை லினக்ஸில் மாற்றுவது எப்படி?

மடியில் வைக்க முடியாத சூடு. ஃபேன் சத்தம் அடுத்த அறை வரைக்கும் கேட்குது. சார்ஜரைப் பிடுங்கினால் கொஞ்ச நேரத்தில் பேட்டரி காலி. தமிழக அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியை இன்னும் பயன்படுத்துபவர்களுக்கு இந்தப் பிரச்னை நன்றாகவே தெரியும்.

விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தையே எடுத்துக்கொள்வோம். தென்காசி பக்கத்து ஆலங்குளம் இல்லைங்க, அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். இந்த மாதிரி ஊர்களில் அக்காவுக்கு பிளஸ் டூவில் கிடைத்த லேப்டாப், தம்பி ராஜபாளையத்துக்கோ கிருஷ்ணன்கோவிலுக்கோ கல்லூரிக்குப் போகும்போது அவன் கைக்கு வருவது புதுசில்லை. அது சூடாகி நின்றுபோனால் வீட்டில் வேறு கம்ப்யூட்டர் கிடையாது. கடையில் காட்டினால் 'பழசாயிடுச்சு, புதுசு வாங்கிருங்க' என்ற பதில் வரலாம். அதற்கு முன்னால், காசு செலவில்லாமல் பார்க்க வேண்டிய ஒரு அமைப்பு அந்த லேப்டாப்புக்குள்ளேயே இருக்கு. அதன் பெயர் சிபியு ஃப்ரீக்வென்சி ஸ்கேலிங்.

பாஸ் லினக்ஸ் ஞாபகம் இருக்கா?

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ம் தேதி, அண்ணா பிறந்தநாளில் தொடங்கப்பட்டது. அப்போது வந்த லேப்டாப்களை ஆன் செய்தால் விண்டோஸ் வேண்டுமா, பாஸ் வேண்டுமா என்று கேட்கும். பாஸ் என்பது 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் இது. நிறைய பேர் அந்தப் பக்கமே போகாமல் விண்டோஸிலேயே இருந்துவிட்டார்கள். ஆனால் பழைய லேப்டாப்பை இன்னும் சில வருஷம் ஓட்ட வேண்டுமென்றால் லினக்ஸ்தான் கைகொடுக்கும். ப்ராசஸர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அதன் கெர்னல் நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி திறந்து வைத்திருக்கிறது. பாஸ், டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது அதே லினக்ஸ் கெர்னல் என்பதால் கீழே சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வேகம் குறைந்தால் சூடு ஏன் அவ்வளவு குறையுது?

ராஜபாளையம் மில்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். நூற்பாலைக்குள் ஈரப்பதத்தைக் காக்கும் பெரிய ஃபேன்களுக்கு விஎஃப்டி டிரைவ் போடுவார்கள். ஃபேன் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் 80 சதவீதமாக அல்ல, கிட்டத்தட்ட பாதியாகவே குறைந்துவிடும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப சக்தி மாறுகிறது என்பதுதான் காரணம்.

ப்ராசஸரிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். அது செலவழிக்கும் சக்தி, ஃப்ரீக்வென்சிக்கு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பவும் மாறும். ஃப்ரீக்வென்சி குறைந்தால் குறைந்த வோல்டேஜே போதும் என்பதால் இரண்டும் சேர்ந்து இறங்கும். ஒரு உதாரணத்துக்கு, 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட் கேட்கும் சிப்பை 1.6 ஜிகாஹெர்ட்ஸ், 1 வோல்ட்டுக்கு இறக்குவதாக வைத்துக்கொள்வோம். வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இழப்பு. ஆனால் சக்தி 46 சதவீதத்துக்கு இறங்கிவிடும். செலவான சக்தி முழுக்க சூடாகத்தான் வெளியே வருகிறது, அதனால் சூடும் பாதிக்கு மேல் குறையும். வெளியே வெயில் கொளுத்தும் சித்திரை மாதத்தில் இந்த வித்தியாசம் கைக்கே தெரியும்.

கவர்னர்னா ராஜ்பவன் இல்லை

லினக்ஸில் வேகத்தை முடிவு செய்யும் பகுதிக்குப் பெயர் 'கவர்னர்'. தமிழில் ஆளுநர் என்று மொழிபெயர்த்தால் செய்தியே வேற மாதிரி ஆகிவிடும்! இந்த வார்த்தை வந்தது பழைய நீராவி இன்ஜினிலிருந்து. 1788-ல் ஜேம்ஸ் வாட் தன் இன்ஜினில் பொருத்திய, இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும் அமைப்புக்கும் கவர்னர் என்றுதான் பெயர். இன்ஜின் ரொம்ப வேகமாக ஓடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் சுருங்கி நீராவியைத் திறந்துவிடும். கெர்னல் கவர்னர் வேலைப்பளுவைப் பார்த்து ஃப்ரீக்வென்சியை ஏற்றி இறக்குகிறது.

கவர்னர் முடிவு எடுக்கும், அதை சிப்பிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது 'டிரைவர்'. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எந்தெந்த கவர்னர் இருக்கு?

'பெர்ஃபார்மன்ஸ்' எப்போதும் உச்ச வேகம். 'பவர்சேவ்' எப்போதும் குறைந்தபட்ச வேகம். 'யூசர்ஸ்பேஸ்' என்றால் வேகத்தை நாமே சொல்ல வேண்டும். இந்த மூன்றுக்கும் விளக்கம் அவ்வளவுதான்.

'ஆன்டிமாண்ட்' 2004-ல் வந்தது. இன்டெலில் இருந்த வெங்கடேஷ் பள்ளிப்பாடி இதை எழுதியவர்களில் முக்கியமானவர். வேலைப்பளு ஒரு வரம்பைத் தாண்டினால் ஒரே தாவலில் உச்ச வேகத்துக்குப் போகும்; பளு குறைந்தால் இறங்கும். 'கன்சர்வேடிவ்' அதன் நிதானமான தம்பி. உச்ச வேகத்தில் 5 சதவீதம், 5 சதவீதமாகப் படிப்படியாக ஏறும். சூட்டுப் பிரச்னை உள்ள பழைய லேப்டாப்பில் நாம் முதலில் முயற்சி செய்யச் சொல்வது இதைத்தான். ஒரு வெப்பக்கத்தைத் திறந்த அந்த ஒரு நொடிக்காக ப்ராசஸர் உச்சத்துக்குப் பாயாது. பதிலுக்கு, கொஞ்சம் மந்தமாகத் தோன்றும். அது சகிக்கக்கூடியதா என்பது உங்க பொறுமையைப் பொறுத்தது.

2016-ல் கெர்னல் 4.7-ல் 'ஷெட்யூட்டில்' சேர்ந்தது. இதை எழுதியவர் ரஃபேல் வைசாக்கி. லினாரோ நிறுவனத்தின் இந்தியப் பொறியாளர் விரேஷ் குமாரும் அவரும்தான் லினக்ஸின் இந்தப் பகுதியைப் பராமரிப்பவர்கள். முந்தைய கவர்னர்கள் அவ்வப்போது எட்டிப் பார்த்து பளுவை அளந்தன. ஷெட்யூட்டில் அப்படி அளப்பதில்லை. எந்த வேலைக்கு எப்போது ப்ராசஸரைக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரிடமே கணக்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. தேவைக்கு மேல் கால் பங்கு கூடுதலாக வைத்து வேகத்தை நிர்ணயிக்கும். உச்சம் 2,000 மெகாஹெர்ட்ஸ், பளு 40 சதவீதம் என்றால் 800 அல்ல, 1,000 மெகாஹெர்ட்ஸ். பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இந்த கவர்னர்தான் இருக்கிறது.

'பவர்சேவ்' போட்டா பேட்டரி நிறைய நிற்குமா?

அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. குறைந்த வேகத்தில் ஓடினால் வேலை முடிய அதிக நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க திரை, ஹார்ட் டிஸ்க், வைஃபை எல்லாம் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

மேலே சொன்ன அதே உதாரணத்தைத் தொடர்வோம். உச்ச வேகத்தில் ப்ராசஸர் 20 வாட், மற்றவை 10 வாட் என்றும், ஒரு வீடியோவை மாற்றும் வேலைக்கு 1 மணி நேரம் ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 30 வாட்-மணி. வேகத்தை 1.6 ஜிகாஹெர்ட்ஸாகக் குறைத்தால் ப்ராசஸர் சுமார் 9.3 வாட். ஆனால் வேலை ஒன்றரை மணி நேரம் இழுக்கும். மொத்தம் கிட்டத்தட்ட 29 வாட்-மணி. மிச்சம் ஒரே ஒரு வாட்-மணி! இதனால்தான் சீக்கிரம் முடித்துவிட்டு ப்ராசஸரைத் தூங்கவிடுவது நல்லது என்ற வாதமும் இருக்கு.

அப்போ வேகத்தைக் குறைப்பதே வீணா? இல்லை. பாடம் டைப் செய்வது, பிடிஎஃப் படிப்பது மாதிரி வேலைகளை ப்ராசஸர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சீக்கிரம் முடிக்க முடியாது; நாம் படிக்கிற வேகம்தான் கணக்கு. அங்கே குறைந்த வேகம் லாபம். சூட்டைப் பொறுத்தவரை எந்த வேலையிலும் லாபம்தான்.

இன்டெல் சிப்பில் ஒரு குழப்பம்

2013-ல் கெர்னல் 3.9-ல் இன்டெலுக்கென்று தனியாக 'இன்டெல் பி-ஸ்டேட்' டிரைவர் வந்தது. 2011-ல் சந்தைக்கு வந்த சாண்டி பிரிட்ஜ் சிப்களும் இதில் அடங்கும். இது 'ஆக்டிவ்' முறையில் ஓடும்போது பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் என்று இரண்டே பெயர்கள் காட்டும். ஆனால் இங்கே பவர்சேவ் என்பது குறைந்தபட்ச வேகத்தில் பூட்டி வைப்பது கிடையாது. பளுவுக்கு ஏற்ப ஏறி இறங்கும். பெயர் ஒன்று, குணம் வேறு. இதைத் தெரியாமல், 'பவர்சேவ்ல மாட்டியிருக்கு, அதான் ஸ்லோ' என்று பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, லேப்டாப்பை இன்னும் சூடாக்குகிறவர்கள் உண்டு.

2020-ல் வந்த கெர்னல் 5.7-லிருந்து பழைய இன்டெல் சிப்களில் இந்த டிரைவர் தானாகவே 'பாஸிவ்' முறைக்குப் போய்விடுகிறது. அதில் கன்சர்வேடிவ், ஷெட்யூட்டில் உட்பட மற்ற கவர்னர்களையும் தேர்ந்தெடுக்கலாம். பழைய லேப்டாப்பில் புதிய கெர்னல் போடுவதற்கு இதுவே ஒரு நல்ல காரணம்.

உங்க லேப்டாப்பில் இப்போ என்ன ஓடுது?

கட்டளைகளை இங்கே ஒலிப்புக்காகத் தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டணும்.

டெபியன் லினக்ஸில் 'லினக்ஸ்-சிபியுபவர்' என்ற தொகுப்பை நிறுவுங்கள். பிறகு 'சிபியுபவர் ஃப்ரீக்வென்சி-இன்ஃபோ' என்று கொடுத்தால் டிரைவர் பெயர், குறைந்தபட்ச, அதிகபட்ச வேகம், இருக்கும் கவர்னர்கள், தற்போதைய கவர்னர் எல்லாம் வரிசையாக வரும். சிபியு, பவர் இரண்டையும் இடைவெளி விடாமல் சேர்த்து எழுத வேண்டும்.

கவர்னரை மாற்ற 'சுடோ சிபியுபவர் ஃப்ரீக்வென்சி-செட்' என்று எழுதி, இடைவெளி விட்டு, மைனஸ் குறியோடு ஜி எழுத்து, அடுத்து கவர்னர் பெயர். உச்ச வேகத்துக்கு வரம்பு போட ஜி-க்குப் பதில் யு எழுத்தும், 1.6 ஜிகாஹெர்ட்ஸ் மாதிரி ஒரு அளவும். சூடு அதிகம் என்றால் கவர்னரை மாற்றுவதை விட இந்த வரம்புதான் உடனே பலன் தரும். ப்ராசஸர் ஆபத்தான சூட்டை எட்டினால் தன்னைக் காப்பாற்ற தானாகவே வேகத்தைச் சடாரென வெட்டும். அப்படி ஏறி விழுந்துகொண்டே இருப்பதை விட, நிதானமான ஒரே வேகத்தில் ஓடுவது சில நேரம் வேகமாகவே தோன்றும்.

நிரந்தரமாக வைக்க என்ன செய்யணும்?

மேலே செய்த மாற்றம் ரீபூட் செய்தால் போய்விடும். நிலைத்திருக்க மூன்று வழிகள் இருக்கு. எளிதானது, 'டிஎல்பி' மாதிரி ஒரு பவர் மேனேஜ்மென்ட் கருவி. சார்ஜரில் ஒரு கவர்னர், பேட்டரியில் ஒரு கவர்னர் என்று எழுதி வைக்கலாம். ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு கருவிகளைப் போட்டால் ஒன்று வைத்ததை இன்னொன்று மாற்றும், கவனம். இரண்டாவது, கெர்னல் 5.9 முதல் துவக்க அளவுருவாகவே கவர்னர் பெயரைக் கொடுக்கும் வசதி.

மூன்றாவது, கெர்னலையே நாம் கம்பைல் செய்வது. 'மெனுகான்ஃபிக்' திரையில் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குள் சிபியு ஃப்ரீக்வென்சி ஸ்கேலிங் மெனு இருக்கும். அதில் இயல்பான கவர்னர் எது, வேறு எவையெல்லாம் வேண்டும், எந்த டிரைவர் என்று தேர்வு செய்யலாம். பொறியியல் மாணவர்கள் கற்றுக்கொள்ள அருமையான பயிற்சி. மற்றவர்களுக்குத் தேவையில்லாத வேலை என்பதே நம் கருத்து; பழைய லேப்டாப்பில் கம்பைல் முடிய மணிக்கணக்கில் ஆகும், அதுவும் முழுச் சூட்டில்!

எப்போ இது உதவாது?

காற்று வெளியேறும் துளையில் தூசி அடைத்திருந்தால் எந்த கவர்னராலும் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் ஃபேனைச் சுத்தம் செய்து, சிப்புக்கு மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். பேட்டரி செல்லே செத்திருந்தால் புது பேட்டரிதான் வழி.

நேர்மாறான பிரச்னையும் வரும். என்ன செய்தாலும் வேகம் குறைந்தபட்சத்தைத் தாண்டவில்லை என்றால் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். சில லேப்டாப்கள் தங்களுக்குப் பொருந்தாத சார்ஜரைக் கண்டால் ப்ராசஸரை அடிமட்ட வேகத்தில் நிறுத்திவிடும். இது கெர்னலுக்குக் கீழே, பயாஸ் மட்டத்தில் நடப்பது என்பதால் கவர்னரை மாற்றிப் பயனில்லை. அதே வாட், அதே வகை சார்ஜரை யாரிடமாவது வாங்கி ஒருமுறை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கவர்னர் மாற்றியதில் ஏதாவது ஏடாகூடம் ஆனால் பயப்பட வேண்டாம். சிபியுபவர் கட்டளையால் செய்தது எதுவும் டிஸ்க்கில் எழுதப்படுவதில்லை. லேப்டாப்பை அணைத்து ஆன் செய்தால் பழைய நிலைக்கே வந்துவிடும்.